ஹேண்ட் கியரிலிருந்து ஃப்ளோர் கியருக்கு: பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய பிக்கப் ஓட்டுபவர்கள், புதிதாக ஒன்றை வாங்கியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். 1940-களின் கடைசியிலிருந்து 1970-கள் வரை வந்த செவ்ரோலே, ஜிஎம்சி, ஃபோர்டு பிக்கப்புகளை மனதில் வைத்துத்தான் பதில்கள். ஸ்டியரிங் தண்டில் லிவர் இருந்தால் ஹேண்ட் கியர், தரையிலிருந்து எழுந்து வந்தால் ஃப்ளோர் கியர். இப்படித்தான் கீழே முழுக்கச் சொல்லப்போகிறேன்.

ரெண்டுக்கும் உள்ளே என்னதான் வித்தியாசம்? லிவர் இருக்கும் இடம் மட்டும்தானே?

மூன்று கியர் பாக்ஸைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட அப்படித்தான். கியர்பாக்ஸின் பக்கவாட்டு மூடியில் இரண்டு சிறிய கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். அந்தக் கைகளிலிருந்து இரண்டு ராடுகள் ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் இரண்டு நெம்புகளுக்குப் போகின்றன. நீங்கள் லிவரை உங்கள் பக்கம் இழுக்கும்போது உள்ளே ஒரு நாக்கு ஒரு நெம்பை விட்டு அடுத்த நெம்பைப் பிடிக்கிறது. அப்புறம் மேலேயோ கீழேயோ தள்ளினால் பிடித்த நெம்பு மட்டும் திரும்புகிறது. இழுத்து மேலே ரிவர்ஸ், இழுத்துக் கீழே ஒன்று, விட்டு மேலே இரண்டு, விட்டுக் கீழே மூன்று.

ஃப்ளோர் கியரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இதே பக்கவாட்டுக் கைகளை ராடு வழியாகத் தரையில் இருக்கும் லிவர் தள்ளுவது. இன்னொன்று, லிவர் கியர்பாக்ஸின் மேல்மூடிக்குள்ளேயே நேராக இறங்குவது, இதில் வெளியே ராடே கிடையாது. உங்கள் வேலை எவ்வளவு பெரியது என்பதை இந்த வகைதான் தீர்மானிக்கும்.

அப்படியென்றால் எதற்காக ஸ்டியரிங்கில் கொண்டுபோய் வைத்தார்கள்?

பெஞ்ச் சீட்டில் மூன்று பேர் உட்கார வேண்டும், நடுவில் இருப்பவரின் முழங்காலுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். செவ்ரோலே பிக்கப்பில் மூன்று கியர் லிவர் 1948 மாடலில் தண்டுக்கு ஏறியது. அதே நிறுவனத்தின் பிக்கப்பில் 1987 வரை அது நீடித்தது. நான்கு கியர் பாக்ஸ் போட்ட வண்டிகளில் மட்டும் அந்தக் காலம் முழுக்க லிவர் தரையில்தான் இருந்தது. இந்த விஷயம் பின்னால் தரையைப் பற்றியும் தண்டைப் பற்றியும் பேசும்போது மிகவும் உதவும், நினைவில் வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் மாட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிடுகிறது. ஃப்ளோர் கியர் போட்டால் இந்தத் தொல்லை தீருமா?

தீரும். ஆனால் அதற்காக ஃப்ளோர் கியர் போட வேண்டியதில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் மாற்ற வருகிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது சில புஷ்களும் (மூட்டுகளில் தேய்மானத்தைத் தாங்கும் சிறு வளையங்கள்) ஒரு மதிய நேரமும்தான். தண்டின் அடியில் இருக்கும் நெம்புகளும், ராடு முனைகளில் இருக்கும் புஷ்களும் பல்லாண்டுகளாகத் தேய்ந்து, இரண்டு நெம்பும் நியூட்ரலில் ஒரே நேர்கோட்டுக்கு வராமல் போகின்றன. நாக்கு ஒன்றை முழுக்க விடுவதற்குள் அடுத்ததைப் பிடித்துவிடுகிறது. உடனே ஒரே நேரத்தில் இரண்டு கியருக்கு இழுபட்டு எல்லாம் இறுகிக்கொள்கிறது.

அப்போதைக்கு விடுவிக்க, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பானட்டைத் திறந்து, தண்டின் அடியில் இருக்கும் இரண்டு நெம்பையும் கையாலேயே நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய, புஷ்களை மாற்றிவிட்டு, இரண்டு ராடின் கிளாம்பையும் தளர்த்தி, கியர்பாக்ஸ் கைகள் இரண்டையும் நியூட்ரலில் வைத்து, மேலே நெம்புகள் இரண்டும் நேராக நிற்கும்படி ஒரு துண்டுக் கம்பியைச் செருகிப் பிடித்துக்கொண்டு கிளாம்பை இறுக்குங்கள். இதைச் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஃப்ளோர் கியர் வேண்டும் என்று தோன்றினால் கீழே படியுங்கள்.

அப்போ யாருக்குத்தான் ஃப்ளோர் கியர் தேவை?

கியர்பாக்ஸையே மாற்றப்போகிறவருக்குத் தேவை. நான்கு, ஐந்து கியர் பாக்ஸ் வந்தால் ஹேண்ட் கியரின் இரண்டு நெம்புகளால் அதை ஆள முடியாது. தண்டே நொறுங்கிப்போய், மாற்று உதிரிபாகம் கிடைக்காதவர்களுக்கும் தேவை. வேறு ஸ்டியரிங் தண்டு போடுகிறவர்களுக்கும்தான். இது தவிர, ஃப்ளோர் லிவரைப் பிடித்து ஓட்டுவதுதான் பிடிக்கும் என்றால் அதுவும் நியாயமான காரணமே, உங்கள் வண்டி. ஆனால் உங்கள் வண்டியில் தொழிற்சாலையிலேயே போட்ட போர்க் வார்னர் ஓவர்டிரைவ் இருந்தால் தயவுசெய்து ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். 0.70 விகிதத்தில் இன்ஜின் சுழற்சியை முப்பது சதவீதம் குறைக்கிற பாக்ஸ் அது. அதைக் கழற்றி வீசிவிட்டு ஐந்து கியர் தேடி அலைபவர்களைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை.

இருக்கிற மூன்று கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டு லிவரை மட்டும் கீழே கொண்டுவர முடியுமா?

முடியும், செலவும் வேலையும் குறைவான வழி இதுதான். பக்கவாட்டுக் கைகள் உள்ள பாக்ஸ்களுக்கு ஹர்ஸ்ட் போன்ற நிறுவனங்களின் மூன்று கியர் ஷிஃப்டர் கிட்டுகள் உண்டு. ஷிஃப்டர் உடல், அதைக் கியர்பாக்ஸில் பொருத்தும் தகடு, இரண்டு ராடு, புதிய கைகள், லிவர் எல்லாம் சேர்ந்து வரும். உங்கள் பாக்ஸ் எது என்பதை மூடியின் வடிவம், போல்ட் எண்ணிக்கை, வார்ப்பு எண் ஆகியவற்றை வைத்து உறுதிசெய்துவிட்டு வாங்குங்கள். வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், இத்தனை வருடத்தில் யார் எந்த பாக்ஸை மாற்றிப் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது நியூட்ரல். ஹர்ஸ்ட் ஷிஃப்டரின் உடலில் ஒரு துளை இருக்கும். கால் அங்குலக் கம்பியை அதில் நுழைத்தால் உள்ளே இருக்கும் நெம்புகள் எல்லாம் நியூட்ரலில் பூட்டிக்கொள்ளும். கியர்பாக்ஸ் கைகளையும் நியூட்ரலில் வைத்துவிட்டு, ராடின் முனையைத் திருகித் திருகி, கையின் துளையில் தானாக வழுக்கி விழும் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். அமுக்கினால்தான் போகிறது என்றால் அரைச் சுற்று தவறியிருக்கிறது என்று அர்த்தம். கம்பியை எடுத்த பிறகு ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள், லிவர் தடையில்லாமல் நடுவுக்கு வர வேண்டும்.

ஒரு விஷயம் மாறாது. 1960-களின் நடுப்பகுதிக்கு முந்தைய மூன்று கியர் பாக்ஸ்கள் பலவற்றில் முதல் கியருக்குச் சின்க்ரோ (சுற்றும் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்து கியரை உரசாமல் விழவைக்கும் அமைப்பு) கிடையாது. லிவரை எங்கே வைத்தாலும், வண்டி நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும்.

ஷிஃப்டரைக் கேபின் தரையிலேயே போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் ஆடாமல் கெட்டியாக இருக்குமே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பதில் சொல்கிறேன். வேண்டாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அவை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். கேபினோ தனி மவுண்டில் தனியாக ஆடுகிறது. லிவர் தரையில், ராடு கியர்பாக்ஸில் என்றால் ஒவ்வொரு முறை மேடு ஏறும்போதும் ராடு இழுபட்டு கியர் தானாகத் தப்பும். ஹேண்ட் கியரே இத்தனை சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடுவதற்கும் இதுவே ஒரு காரணம், தண்டு கேபினில், கைகள் கியர்பாக்ஸில்.

ஆகவே ராடு வைத்த ஷிஃப்டர் கியர்பாக்ஸிலோ அதன் வால்பகுதியிலோதான் உட்கார வேண்டும். தரையில் இருக்கும் ஓட்டை லிவர் நடமாட மட்டும்தான். கேபிள் வைத்த ஆட்டோமேட்டிக் ஷிஃப்டர் மட்டும் விதிவிலக்கு, அதைத் தரையில் இறுக்கலாம். கேபிள் வளைந்துகொடுக்கும்.

நான்கு கியர் பாக்ஸ் போட்டால் ஹைவேயில் வேகமாகப் போகலாம்தானே?

பழைய டிரக் பாக்ஸ் என்றால் இல்லை. செவ்ரோலேயின் எஸ்எம்420-இல் முதல் கியர் விகிதம் 7.05, அதற்குப் பின் 1968-இல் வந்த எஸ்எம்465-இல் 6.55. இவை சுமை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து நகர்வதற்கான கியர்கள். காலி வண்டியில் எல்லாரும் இரண்டாவதில்தான் எடுப்பார்கள். நான்காவது கியர் நேர் ஒன்றுக்கு ஒன்று, அதாவது உங்கள் மூன்று கியர் பாக்ஸின் மூன்றாவது என்னவோ அதேதான். ஃபோர்டு வண்டிகளில் வரும் என்பி435-உம் இதே ரகம்.

ஆனால் இவை இரும்பாக உழைக்கும், லிவர் மேல்மூடி வழியாக நேராக இறங்குவதால் ராடு தொல்லையும் இல்லை. சுமை இழுக்கிற வண்டிக்கு அருமையான தேர்வு. தூக்கி மாட்டும்போது மட்டும் ஜாக்கி இல்லாமல் தனியாக முயலாதீர்கள், மனிதர் மார்பில் வைத்துத் தூக்கும் எடை இல்லை.

ஹைவேக்கு ஐந்து கியர்தான் என்றால் எதைப் போடுவது?

பழைய ஆறு சிலிண்டர் செவ்ரோலேக்காரர்கள் அதிகம் போடுவது போர்க் வார்னர் டி5 என்ற ஐந்து கியர் பாக்ஸ். அதிலும் எஸ்-10 சிறிய பிக்கப்பிலிருந்து எடுத்தது. காரணம் லிவர் இருக்கும் இடம். எஸ்-10 பாக்ஸில் லிவர் முன்னால் தள்ளி இருப்பதால் பெஞ்ச் சீட்டின் முன்விளிம்புக்கு முன்னாலேயே எழுந்து வரும். செவ்ரோலேயின் கேமரோ காரிலிருந்து எடுத்த டி5-இல் லிவர் பின்னால் இருக்கும், சீட்டை வெட்ட வேண்டிவரும், போதாக்குறைக்கு அந்த பாக்ஸ் ஒரு பக்கம் சாய்ந்தே உட்காரும்.

பலன் என்ன என்று கணக்கில் பார்ப்போம். 4.11 விகிதப் பின் ஆக்ஸிலும் ஐந்தாவது கியரின் 0.72 ஓவர்டிரைவும் சேர்ந்தால் மொத்த விகிதம் 2.96 ஆகிறது. முன்பு 3000 சுற்றில் கத்திக்கொண்டிருந்த இன்ஜின் அதே வேகத்தில் 2160 சுற்றில் ஓடும். காதுக்கே வித்தியாசம் தெரியும். வாங்கும்முன் இன்புட் ஷாஃப்டின் (கிளட்ச்சுக்குள் நுழையும் தண்டு) பல் எண்ணிக்கை உங்கள் கிளட்ச் தட்டுக்குப் பொருந்துகிறதா, முன் பேரிங் மூடி பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும், கிளட்ச்சை மூடிய கூடு) துளையில் சரியாக உட்காருகிறதா, ஸ்பீடோமீட்டருக்குக் கேபிளா மின்சென்சாரா என்று மூன்றையும் பாருங்கள். செவ்ரோலே கார் பாக்ஸ்களின் பேரிங் மூடி பெரும்பாலும் 4.686 அங்குலம், எஸ்எம்465 மாதிரி டிரக் பாக்ஸ்களில் 5.125 அங்குலம். பெரிய துளையில் சின்ன மூடி என்றால் நடுவில் வளையம் போட்டே ஆக வேண்டும். எண்ணெயிலும் கவனம். 1985 முதல் வரத் தொடங்கிய வேர்ல்டு கிளாஸ் வகை டி5 ஆட்டோமேட்டிக் எண்ணெயில் ஓடுவது. கெட்டியான கியர் எண்ணெய் ஊற்றினால் சின்க்ரோ சரியாக வேலை செய்யாது.

என்னுடையது 1950 அரை டன் செவ்ரோலே. இதிலும் அப்படியே மாட்டிவிடலாமா?

இங்கேதான் பலர் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். 1954 வரையிலான அரை டன் செவ்ரோலேயில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் சுழல்தண்டு) வெளியே தெரியாது, ஒரு குழாய்க்குள் சுற்றுகிறது. அந்தக் குழாய் பின் ஆக்ஸிலோடு இறுகி, முன்னால் ஒரு பந்து மூட்டில் கியர்பாக்ஸைச் சேர்கிறது. பின் சக்கரம் வண்டியைத் தள்ளும் விசையே அந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது. டி5 மாதிரி திறந்த ஷாஃப்டுக்கான பாக்ஸை இதோடு சேர்க்க முடியாது. பின் ஆக்ஸில், ஷாஃப்ட், சேசிஸில் கியர்பாக்ஸின் வாலைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டம், மூன்றும் சேர்ந்து மாற வேண்டும். பழைய அமைப்பில் பாரம் பெல் ஹவுசிங் மவுண்டில்தான், வாலுக்குத் தாங்கலே கிடையாது. பட்ஜெட் போடும்போதே இதையெல்லாம் சேர்த்துப் போடுங்கள். அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் மூன்று கியர் பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தரையை வெட்டியே ஆக வேண்டுமா?

முதலில் கார்பெட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு மேலே இருக்கும் தரைத்துண்டு தனியாக போல்ட் போட்டுத்தான் இருக்கும், கழற்றலாம். நான்கு கியர் வண்டியில் லிவர் தரையில்தான் இருந்தது என்று முன்பே சொன்னேன் இல்லையா, அதற்குத் தொழிற்சாலையே துளையோடு துண்டு போட்டது, அந்தத் துண்டைத் தேடிப் பிடித்தால் வெட்டும் வேலையே இல்லை. 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலேயில் கியர்பாக்ஸுக்கு மேலே எழும்பி நிற்கும் தரைப்பகுதி நான்கு கியருக்கு உயரமான திமில், மூன்று கியருக்குத் தாழ்ந்த திமில் என்று இரண்டு விதம் வந்தது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கிரைண்டரைக் கையில் எடுக்கும்முன் சீட்டுக்குப் பின்னால் பாருங்கள். 1972 வரையிலான செவ்ரோலே பிக்கப்புகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தீப்பொறி பறக்கிற வேலையை அதன் பக்கத்தில் செய்யவே கூடாது. டேங்கை இறக்கி வண்டியிலிருந்து தூரமாக வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம் அடியில் படுத்துப் பாருங்கள், 1950-களின் செவ்ரோலேயில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலுக்கு நேர் கீழே தரைக்கு அடியில் இருக்கும். பிரேக் குழாயும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஓட்டையை எங்கே போடுவது என்று எப்படிக் குறிப்பது?

கியர்பாக்ஸ், ஷிஃப்டர், மவுண்டுகள் எல்லாம் இறுதி இடத்தில் இறுகிய பிறகுதான் குறிக்க வேண்டும். அதற்கு முன் எடுத்த எந்த அளவையும் நம்பாதீர்கள். லிவரைக் கழற்றிவிட்டு, ஷிஃப்டரின் தலை தரையின் அடியில் எந்த இடத்தில் முட்டுகிறது என்று கீழேயிருந்து குறியுங்கள். ஒரு சிறிய துளை போட்டு, மேலேயிருந்து சரிபார்த்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்டுவது வேதனை.

சீட்டை மாட்டி, நீங்களே உட்கார்ந்து, கிளட்ச்சை முழுக்க அழுத்திக்கொண்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். மூன்று கியரில் ரிவர்ஸும் இரண்டும் முன்பக்கம், அப்போது கை முட்டி டேஷ்போர்டிலோ ஹீட்டரிலோ இடிக்கக்கூடாது. ஒன்றும் மூன்றும் பின்பக்கம், அப்போது லிவர் சீட்டைத் தொடக்கூடாது. இடித்தால் லிவரை வளைத்துக்கொள்ளலாம், ஆனால் அடியில் ரப்பரோ திருகோ இருக்கும் பகுதியில் நெருப்பு காட்டாதீர்கள். லிவர் நீளமானால் கை வீச்சு அதிகம், விசை குறைவு. குட்டையானால் நேர் எதிர். லிவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு, மேலே ரப்பர் உறை போடுங்கள்.

பழைய லிவரை எடுத்த பிறகு ஸ்டியரிங் தண்டு அசிங்கமாக இருக்கிறதே?

நான்கு கியரோடு வந்த அதே மாடல் வண்டியின் தண்டைத் தேடுங்கள். அதில் லிவருக்கான கழுத்தே இருக்காது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். கிடைக்காவிட்டால், கழுத்தில் இருக்கும் துளையை ஒரு மூடியால் அடைத்துவிட்டு, உள்ளே சுழலும் குழாயை அசையாமல் கட்டிவிடுங்கள். விட்டால் ஒவ்வொரு குழியிலும் கடகடக்கும். சாவி தண்டிலேயே இருக்கும் பிந்தைய மாடல்களில், சிலவற்றில் லிவரின் குழாய்க்கும் சாவிப் பூட்டுக்கும் உள்ளே தொடர்பு உண்டு. குழாயைக் கட்டும்முன் சாவி எல்லா நிலைக்கும் போகிறதா, ஸ்டியரிங் பூட்டு நடுவில் விழாமல் இருக்கிறதா என்று நின்ற வண்டியில் பாருங்கள்.

என்னுடையது ஆட்டோமேட்டிக். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

வேலை சுலபம், பொறுப்பு அதிகம். கேபிள் ஷிஃப்டரைத் தரையில் வைத்து, கியர்பாக்ஸின் கையோடு இணைத்தால் போதும், சைலன்ஸர் குழாயிலிருந்து கேபிளைத் தள்ளி ஓட்டுங்கள். ஆனால் பல வண்டிகளில் நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்சும் ரிவர்ஸ் விளக்கு சுவிட்சும் பழைய தண்டில் இருக்கும். அதை விட்டுவிட்டால் டிரைவிலேயே இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், வண்டி பாயும். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி புதிய ஷிஃப்டரிலோ கியர்பாக்ஸிலோ சுவிட்சை மாட்டி, ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்பிச் சோதியுங்கள். பார்க்கில் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள், பூட்டு முழுக்க விழுந்திருக்க வேண்டும்.

700ஆர்4 என்ற ஜிஎம் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கார்புரேட்டரிலிருந்து வரும் டிவி கேபிளை (த்ராட்டில் வால்வு கேபிள்) சரியாக அமைக்காமல் ஓட்டினால் உள்ளே அழுத்தம் போதாமல் தட்டுகள் எரிந்துவிடும். லிவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் லிவர் மாற்றும்போது இந்தக் கேபிளைக் கழற்றி மாட்டுகிறவர்கள் உண்டு.

மாற்றிவிட்டேன். இரண்டாவது கியர் தப்புகிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். பாக்ஸ் போய்விட்டதா?

இரண்டும் இரண்டு வெவ்வேறு பிரச்சனை. ரிவர்ஸ் சத்தத்துக்கு முதலில் கிளட்ச்சைப் பாருங்கள். கிளட்ச் முழுக்க விடவில்லை என்றால் உள்ளே பற்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை அழுத்தி ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் சத்தம் வந்தால் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட்தான். புதிய ராடு கிளட்ச் லிங்கேஜில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கியர் தப்புவதற்குக் காரணம், அது முழுக்க விழவே இல்லை என்பதுதான் பெரும்பாலும். ஷிஃப்டரில் இரண்டு நிறுத்து போல்ட்டுகள் இருக்கும். லிவர் அளவுக்கு மீறிப் போய் கியர்பாக்ஸுக்கு உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கை வளைக்காமல் அவை தடுக்கின்றன. அவற்றை முன்கூட்டியே இறுக்கிவிட்டால் கியர் பாதியிலேயே நின்றுவிடும். போல்ட்டை விலக்கி, கியரை முழுக்கப் போட்டு, லிவரை மெல்ல அழுத்திப் பிடித்தபடி போல்ட் தொடும்வரை கொண்டுவந்து, ஒரு சுற்று பின்வாங்கிப் பூட்டுங்கள். அப்படியும் தப்பினால் ரப்பர் உறை லிவரைத் தள்ளுகிறதா, மவுண்டு செத்துவிட்டதா என்று பாருங்கள். பெல் ஹவுசிங் மாற்றியிருந்தால் டயல் கேஜ் வைத்து அதன் துளை கிராங்க் ஷாஃப்டோடு மையத்தில் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். கேஜ் ஒரு முழுச் சுற்றில் காட்டும் மொத்த விலகல் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் பாக்ஸைப் பிரிப்பது.

பின்னால் வண்டியை விற்கும்போது யாராவது பழையபடி வேண்டும் என்றால்?

கழற்றிய தண்டு, நெம்புகள், ராடுகள், தரைத்துண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, எது எங்கே இருந்தது என்று சீட்டு ஒட்டி, ஒரே பெட்டியில் வையுங்கள். கழற்றும்முன் எடுத்த படங்களையும் அச்சடித்து அதோடு போடுங்கள். மூன்று கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு லிவரை மட்டும் இறக்கியவர்கள் தரையை வெட்டாமல் இருந்தால் ஒரு நாளில் பழையபடி மாற்றிவிடலாம். வெட்டியவர்கள், வெட்டிய துண்டையும் அதே பெட்டியில் வையுங்கள், திரும்ப வெல்டிங் வைக்கும்போது அதன் வளைவு அப்படியே பொருந்தும்.